அறுபது தப்படி

கங்கையம்மன் அறிய, முப்பத்திரண்டு ஆண்டு ராணுவத்துக்குப் பருப்புக் கிளறிய இந்தக் கை அறிய, இடது மார்பில் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருக்கும் என் இதய இயந்திரம் அறிய, கீழே நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஒரு வரி பொய்யென்று யாராவது நிரூபித்துவிட்டால், லடாக்கில் கல்லாக உறைந்துபோன சாம்பாரை ரம்பத்தால் அறுத்து ஆளுக்கொரு வில்லை பரிமாறினேனே, அதையும் பொய்யென்று ஒப்புக்கொள்கிறேன்.

என் பெயர் முனிரத்தினம். ஊர் ஆலங்குட்டை, குடியாத்தத்துக்கு மேற்கே. வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகிற ஊர். என் தம்பி மகன் தயாளனும் போனான், ஹவில்தார் ஆனான், எல்லையில் கண்ணிவெடியில் கால் வைத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்கு ஒரு செயற்கைக் கால் கொடுத்தார்கள். பழைய காலைவிட நன்றாகவே இருந்தது, நகம் வெட்டும் வேலை இல்லை. சிக்கல் காலில் இல்லை. தலைக்குள் போன ஒரு சிறு உலோகத் துணுக்கில் இருந்தது.

அதை நாங்கள் புயல் என்று சொல்வோம். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பான். திடீரென்று கண் நிலைத்துவிடும். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். இழுப்பு நின்றதும் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, செத்துப்போன கூட்டாளிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். ஒரு நாளைக்கு நாலு புயல், ஐந்து புயல். ஒரு புயலில் அவன் மனைவி அமுலுவின் மணிக்கட்டு ஒடிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழாயடியில் வழுக்கி விழுந்ததாகக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தாள்.

வடக்கே ஒரு பெரிய மருத்துவமனையில் புது வைத்தியம் என்று கூப்பிட்டார்கள். நான், அமுலு, தயாளன் மூவரும் போனோம். அங்கே டாக்டர் கருணாகரன் என்று நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார்.

"அவரோட மூளைக்குத் தாளம் தப்பிப்போச்சும்மா" என்றார் அமுலுவிடம். "அரிசி அளவுல ஒரு கருவியை உள்ள வச்சிருக்கோம். அது தானா ஒண்ணும் செய்யாது. வெளியிலேர்ந்து ஒரு நாடித் துடிப்பு வேணும். இன்னொரு மனுஷரோட துடிப்பு. நீங்க கையில ஒரு பட்டை கட்டிக்கணும். உங்க நாடி அவர் தலைக்குப் போகும். மூளை அதைப் புடிச்சிக்கிட்டு நேரா நடக்கும்."

"எவ்ளோ தூரம் வரைக்கும் போவும் சார்?"

"நாற்பத்தஞ்சு மீட்டர்."

"நான் கோவப்பட்டா?"

"அதுவும் போகும்."

"அழுதா?"

"அதுவும்தான்."

"தூங்கினா?"

"அவரும் நல்லாத் தூங்குவாரு."

அமுலு கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் செத்துட்டா?"

டாக்டர் மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு, பட்டை தபாலில் வீட்டுக்கு வரும், கட்டிக்கொண்டால் போதும், விளக்கு சத்தம் எதுவும் இருக்காது, வெடியில் அடிபட்டவர் பக்கத்தில் எதுவும் மினுங்கக் கூடாது, பாட்டரி ஏழு வருஷம் ஓடும் என்று மளமளவென்று சொல்லி முடித்தார்.

பட்டை வந்து சேர்ந்தது திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமை. இது என் கற்பனை இல்லை, அஞ்சல்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவர் இறந்துவிட்டார். கறுப்பாக ஒரு வார், அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டப்பி. ஊரே கூடி நின்று பார்த்தது. பூசாரி கேசவலு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா முனிரத்தினம், ஒரு உசுரைக் காக்கறதுக்குக் கையில கட்டறதுன்னா அது காப்புதானே?" என்றார்.

காப்புத்தான் என்று எல்லாரும் சொன்னோம். உடனே அவர் பட்டையை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, மேலே மஞ்சள் துணி சுற்றி, நூலால் இறுக்கித் தைத்து, என்னிடம் கொடுத்தார். தயாளனின் அப்பா இல்லை. பங்காளி முறையில் பெரியவன் நான். நான்தான் அமுலுவின் கையில் கட்டினேன்.

எங்கள் ஊரில் காப்புக்குச் சட்டம் உண்டு. கட்டியவர் எல்லை தாண்டக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆத்திரப்படக் கூடாது. காப்பை அவிழ்த்துப் பார்க்கக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது. டாக்டர் சொன்னதும் அம்மன் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால் யாருக்கும் குழப்பமில்லை. மற்றவர்களின் காப்பைப் பத்தாம் நாள் அவிழ்த்தார்கள். அமுலுவின் காப்பு நாலு வருஷம் இருந்தது.

நாற்பத்தைந்து மீட்டரை ராணுவ நடையில் நானே அளந்தேன். சரியாக அறுபது தப்படி. வாசலிலிருந்து நாலு பக்கமும் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டேன். குழாய் பதினெட்டாம் தப்படி. டீக்கடை ஐம்பத்திரண்டு. கங்கையம்மன் கோயில் வாசல் அறுபத்தொன்று. வெள்ளிக்கிழமைகளில் அமுலு கோட்டின் மேல் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பாள். பூசாரி கற்பூரத் தட்டை ஒரு தப்படி வெளியே கொண்டுவந்து காட்டுவார். நல்ல மனுஷர்.

அதிசயம் என்னவென்றால், வைத்தியம் பலித்தது. காப்புக் கட்டிய நாளிலிருந்து புயல் குறைந்தது. மூன்றாம் வாரம் நின்றே போனது. ஒருமுறை மட்டும், அமுலு ஏதோ நினைவில் கோட்டைத் தாண்டிப் பத்துப் பதினைந்து தப்படி போய்விட்டாள். தயாளன் திண்டாடிவிட்டான். கீழே விழுந்து உதடு கிழிந்தது. அதற்குப் பிறகு கோட்டை ஊரே காவல் காத்தது.

"அமுலு, கோடு! கோடு!" என்று டீக்கடையிலிருந்து கத்துவார்கள். ஆட்டுக்குட்டியை ஓட்டுகிற மாதிரி.

அவளுக்கு ஆத்திரம் வரக்கூடாது அல்லவா, அதற்கும் ஊர் ஒத்துழைத்தது. குழாயடியில் அவள் குடத்தை யாரும் நகர்த்துவதில்லை. அவளிடம் யாரும் புறம் பேசுவதில்லை. பேய்ப்படம், அழுகைப்படம் எதுவும் அந்த வீட்டில் ஓடாது. நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு என்று ஆதரவுப் பிரிவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்வாள். பால் பொங்கி வழிந்தால்கூட முதலில் மூச்சை எண்ணிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாள்.

ஆதரவுப் பிரிவைப் பற்றிச் சொல்லவேண்டும். காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு அலுவலகம். போன் செய்தால், 'சோர்வாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், அழுகை வந்தால் மூன்றை அழுத்தவும்' என்று ஒரு குரல் சொல்லும். மூன்றை அழுத்தினால், 'அழுகை நோயாளியைப் பாதிக்கும், தயவுசெய்து அமைதியானபின் மீண்டும் அழைக்கவும்' என்று சொல்லி வைத்துவிடும். 'உங்களுக்கென்று நேரம் ஒதுக்குவது எப்படி' என்று சென்னையில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு வைத்து அமுலுவை அழைத்தார்கள். நேரில்தான் வரவேண்டுமாம். பட்டையைச் சரிபார்க்க பெங்களூருக்குப் பதினைந்து நாள் அனுப்பி வைக்கச் சொன்னார்கள். பதினைந்து நாள் அவன் தலைக்கு யார் தாளம் போடுவது? அனுப்பவில்லை.

அந்த அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை பிரிசில்லா மேடம் வருவார். கையில் நாற்பத்தொரு கேள்வி. நாற்பது கேள்வி தயாளனைப் பற்றி. கடைசிக் கேள்வி: பராமரிப்பவர் நலமா?

"நலம்னு போட்டுக்கங்க மேடம்" என்பாள் அமுலு, மூச்சை எண்ணிக்கொண்டே.

இரண்டாம் வருஷம் ஆரணியில் அமுலுவின் அப்பா இறந்துபோனார். காலையில் எனக்குத்தான் போன் வந்தது. நான் பூசாரியிடம் போனேன், பூசாரி டீக்கடைக்குப் போனார், அரைமணி நேரத்தில் ஊருக்கே தெரியும், அவளைத் தவிர. சொல்லவில்லை. எடுத்து அடக்கம் செய்தபிறகு மூன்றாம் நாள், பக்குவமாக, நான்தான் சொன்னேன். "உங்கப்பாவுக்கு உடம்பு முடியல" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். நாலு எண்ணி இழுத்தாள். ஆறு எண்ணி விட்டாள். பிறகு போய் வெங்காயம் உரித்தாள். வெங்காயத்துக்குக் கண்ணீர் வரலாம், அதில் துடிப்பு ஏறாது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த தயாளன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் வருஷம் அவள் தங்கை சுமித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆரணியில்தான். அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் உலோகத் தட்டு வைத்திருக்கிறது. தாரை வார்க்க மூத்தவளும் அவள் புருஷனும்தான் நிற்கவேண்டும். தயாளனால் ஆகாது. அவளாவது நிற்கவேண்டும்.

அந்த மாதம் நாற்பத்தொன்றாம் கேள்விக்கு அமுலு பதில் சொல்லவில்லை.

"அமுலு? நலம்னு போட்டுக்கவா?" என்றார் பிரிசில்லா மேடம்.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போறேன் மேடம்."

"அது எப்படிம்மா…"

"எப்படின்னு நீங்கதான் சொல்லணும். ஆதரவுன்னு போர்டு வச்சிக்கினு கீறீங்களே. ஒரு நாளு. காலையில போயி மறுநாளு சாயங்காலம் வந்துடறேன். அதுக்கு வழி இல்லன்னா, இத அவுத்து அந்தக் கிணத்துல போட்டுட்டுப் போவேன்."

சொல்லிவிட்டு மூச்சை எண்ணினாள். குரலில் ஒரு ஏற்றம் இறக்கம் கிடையாது. இட்லிக்கு ஊறவைத்தாயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனாலேயே நாங்கள் எல்லாரும் கிணற்றைத் திரும்பிப் பார்த்தோம்.

பிரிசில்லா மேடம் நல்ல பெண்மணி. மறுநாளே ஒரு நாடிமானியோடு வந்தார். மாற்று ஆள் தேடினோம். விரலை உள்ளே விட்டால் துடிப்பு எண்ணிக்கை தெரியும். தயாளனின் தம்பி குமரேசன் வந்தான். கிரிக்கெட் ஓடுகிறது என்று யாரோ சொன்னதும் நூற்றுப்பத்து. கூட்டுறவுச் சங்கத்துக்காரர் விரலை விட்டார், வேலை நேரத்திலேயே நாற்பத்தெட்டு, தூங்குகிறவருக்குரிய எண். பூசாரி உணர்ச்சிவசப்பட்டதில் எண்ணே நிற்கவில்லை.

சும்மா இருக்கட்டும் என்று நான் விரலை விட்டேன். எழுபது.

"பெரியவரே, அப்படியே இருங்க" என்றார் மேடம்.

எழுபது. ஐந்து நிமிஷம் கழித்தும் எழுபது. குமரேசன் எனக்குப் பின்னால் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். வேட்டி கருகியது, எழுபது. என் சீட்டாட்டக் கூட்டாளி ஜெகநாதன் என்னைத் தெருவில் நிறுத்தி என் வண்டவாளத்தையெல்லாம் ஊர் கேட்கச் சொன்னான். எழுபது.

"உள்ள மெஷினு ஓடுதும்மா" என்றேன். "என் சொந்த இதயம் போன வருஷமே வேலையை விட்டுட்டுது."

பூசாரியும் சம்மதித்தார். காப்பைப் பங்காளி கைக்கு மாற்றலாம், முறை உண்டு. தரையில் படாமல், துணியை அவிழ்க்காமல் மாற்றவேண்டும். மாற்றினோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அமுலு பட்டுப்புடவையைப் பையில் வைத்துக்கொண்டு கோட்டருகே வந்து நின்றாள். ஊரே நின்றது. நாலு வருஷம் அறுபதில் திரும்பிய கால் அறுபத்தொன்றில் போக மறுத்தது. ஒருகாலைத் தூக்கினாள், வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமா, இன்னாவது ஆச்சின்னா…"

"எழுபதும்மா. போ."

போனாள். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்து வந்தது. கண்டக்டர் மட்டும் இருந்தார், திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. பேருந்து திரும்பி மறைந்தது. நான் தயாளனைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். புயல் இல்லை. ஒரு நடுக்கம்கூட இல்லை.

மறுநாள் மாலை அவள் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். அமுலுவின் கையில் மருதாணி, தலையில் வாடிய கனகாம்பரம், முகத்தில் நாலு வருஷத்துக்கு முந்தைய அமுலு.

"இன்னாங்க, சுமித்ராவுக்கு ஒரே அழுகை. மாப்பிள்ளை வீட்ல உங்களைத்தான் கேட்டாங்க."

"ம்" என்றான் தயாளன். அவ்வளவுதான்.

பிரிசில்லா மேடத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இரண்டு நாளா ஒரு ஏற்ற இறக்கம் கூட இல்ல! மனுஷங்க துடிப்பைவிட மெஷின் துடிப்பு எவ்வளவு மேல் பாருங்க. பெரியவரே கட்டிக்கட்டும். அமுலு, உனக்கு இனிமே விடுதலைம்மா" என்றார். எனக்கும் பெருமைதான். அமுலு ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தன் கல்யாணத்துக்கு முன் மேல்தோல் தைத்தவள், நல்ல கைவேலைக்காரி. மறுவாரமே வேலைக்குப் போனாள். காலையில் தொழிற்சாலைப் பேருந்து, மாலையில் வீடு.

நான் என் பெட்டியோடு தயாளன் வீட்டுக்கு வந்தேன். வந்தபிறகுதான் தெரிந்தது, என் சீட்டாட்ட மேடை எழுபத்தைந்தாம் தப்படியில் இருக்கிறது. அறுபதில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என் சீட்டுகளை ஜெகநாதன் பிடிக்க, சத்தம் போட்டு ஆடினேன். எதிராளிக்கு என் சீட்டெல்லாம் தெரிந்துவிடும். பத்து நாளில் ஆட்டத்தை விட்டேன். "பெரியவரே, கோடு!" என்று டீக்கடையிலிருந்து கத்தினார்கள். கத்துகிறவர்கள் சிரித்துக்கொண்டே கத்துவார்கள் என்பது உள்ளே நின்றால்தான் தெரிகிறது. இருபது நாளில் எனக்குச் சுவர்கள் நெருங்கிவந்தன. நாலு வருஷம் என்பது எத்தனை இருபது நாள் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

தயாளனோ மரமாகிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவான், என் சமையலைப் பழிப்பான், ரேடியோவுக்குத் தப்பும் தவறுமாகப் பாடுவான். இப்போது ஒன்றுமில்லை. ஊட்டினால் தின்பான். திருப்பினால் படுப்பான். கேள்வித்தாளில் நாற்பதுக்கு நாற்பது வாங்கினான். "வரலாற்றிலேயே முதல்முறை" என்றார் பிரிசில்லா மேடம்.

ஒரு மாலை அமுலு வேலையிலிருந்து வந்தாள். விரல்களில் பசையின் கறை. நான் சமையற்கட்டு வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். காலையில் அவள் போட்டு வைத்துவிட்டுப் போன தோசை அவன் முன்னால் அப்படியே காய்ந்திருந்தது.

"இன்னாங்க, சாப்புடலையா?"

அவன் சுவரையே பார்த்தான்.

"மாமா, இவரு சாப்புடலையா?"

"வேணாம்னுட்டான்மா."

"இன்னாங்க… இங்க பாருங்க. கூப்புட்டுக்கினே கீறேன்ல?" மூச்சை இழுத்தாள். நாலு எண்ணுவாள் என்று பார்த்தேன். இரண்டிலேயே நின்றுவிட்டது. தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை என் கையில் இருந்தது.

"யோவ்!"

நாலு வருஷத்தில் அவள் போட்ட முதல் சத்தம். என் கையிலிருந்த பூண்டு சிதறியது.

"யோவ், கல்லா நீயி? மூணு வாரமா உன் மூஞ்சியப் பாத்துக்கினே கீறேன். நாலு வருசம் மூச்சைப் புடிச்சிக்கினு கெடந்தேன்யா நானு! பெத்த அப்பன் செத்தான், அழுவுலயே! மண்ணு தள்ளுன மூணாம் நாளு சொல்றாரு இந்த மாமா, ஏதோ பஸ்ஸு லேட்டுன்றா மாதிரி! அப்பவும் எண்ணிக்கினு ஒக்காந்திருந்தேன், உனக்கு வலிக்கக் கூடாதுன்னு! ஒரு தபா வா போன்னு சொன்னியா? ஒரு தபா?"

புயல் வரப்போகிறது என்று நினைத்தேன். நான் எழுந்து அவனருகே போய்ப் பட்டையை அவன் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். எழுபது, எழுபது என்று வேண்டிக்கொண்டேன். "அம்மாடி, போதும்மா" என்றேன்.

"நீ சும்மா இரு மாமா!" தோசைத் தட்டு பறந்து சுவரில் பட்டது.

தயாளன் வாயைத் திறந்தான். கூட்டாளிகள் பெயர் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான்.

அமுலு அப்படியே நின்றாள்.

"உங்கப்பா செத்த அன்னிக்குக் காலையிலயே தெரியும். பெரிப்பா போன்ல பேசனத கேட்டேன். சொல்ல வேணாம்னு நான்தான் பெரிப்பாகிட்ட கெஞ்சினேன். சொன்னா நீ போய்டுவ. போனா நான் செத்துடுவேன்னு பயம். அதுக்கப்புறம் உன் முதுகைப் பாக்க முடியல. கல்யாணத்துக்குப் போனியே, அப்ப… நீ வரமாட்டேன்னுதான் நெனச்சேன். நான் உன் எடத்துல இருந்தா வரமாட்டேன்."

இந்த இடத்தை மேலே எழுதும்போது நான் கொஞ்சம் விட்டுவிட்டேன். அவன் கெஞ்சியது உண்மை. பொய் சொல்வது வேறு, விட்டுவிடுவது வேறு.

அமுலு அழுதாள். எண்ணாமல் அழுதாள். தரையில் உட்கார்ந்து, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, இரண்டு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து அழுதாள். தயாளன் நடுங்கினான். வியர்த்து ஊற்றியது. ஆனால் கட்டிலுக்கடியில் போகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணிலும் வழிந்தது. வெகுநேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்தினாள்.

"பசிக்குது" என்றான்.

"எழுந்து போயிப் போட்டுத் தின்னு. என்னால முடியாது."

எழுந்தான். செயற்கைக் காலை ஊன்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையற்கட்டுக்குப் பதினோரு தப்படி தானே நடந்தான். இரண்டு தட்டு எடுத்து வந்தான். எனக்கு எடுக்கவில்லை.

அன்றைக்கே எனக்கு விஞ்ஞானம் முழுதாக விளங்கிவிட்டது. மறுவாரம் வந்த பிரிசில்லா மேடத்துக்கு விளக்கினேன்.

"என் மெஷினு வண்டிக்கு அச்சு மாதிரி மேடம். ஆடாம புடிச்சிக்கும். ஆனா இழுக்காது. இழுக்கறதுக்கு இந்தப் பொண்ணோட கோவம் வேணும். முன்ன ரெண்டும் ஒரே ஆளு தலையில இருந்துச்சி, அதான் தப்பு. தாளத்த நான் புடிச்சிக்கறேன், சண்டைய இவ பாத்துக்கட்டும்."

மேடம் பேனாவைத் திறந்தார். கேள்வித்தாளின் ஓரத்தில், 'சண்டை: தினம் ஒருவேளை, உணவுக்கு முன்' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். நாற்பத்தொன்றாம் கேள்விக்கு அமுலு அன்று சொன்ன பதிலை எழுத இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார்.

இப்போது அமுலு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போய் அம்மாவைப் பார்க்கிறாள். சில வாரம் அங்கேயே தங்கிவிடுகிறாள். அந்த வாரங்களில் தயாளன் வாசலில் உட்கார்ந்து முணுமுணுப்பான், அவ்வளவுதான். திரும்பி வந்ததும் இருவரும் சண்டை போடுவார்கள். நான் அறுபது தப்படிக்குள் இருக்கிறேன். கண்டுபிடித்தவன் நானாக இருக்கும்போது வேறு யாரைப் போய் உட்காரச் சொல்வது? நாடு முழுவதும் காயம்பட்ட வீரர்களின் வீடுகளுக்கு, நெஞ்சில் இயந்திரம் வைத்த கிழவர்களைத் திரட்டி அனுப்பும் திட்டம் ஒன்று இருப்பதாகவும், அதைத் தொடங்கிவைக்க என்னை டில்லிக்குக் கூப்பிடப்போவதாகவும் கேள்வி. போகமுடியாது. தாளம் தப்பிவிடும்.

போன மாதம் அந்தப் பட்டைகளைச் சரிபார்க்கும் வண்டி முதன்முறையாகக் குடியாத்தம் பக்கம் வந்தது. ஊர் ஊராக வந்து வீட்டு வாசலிலேயே பார்த்தார்கள். வண்டியில் வந்த பெண், பூசாரியின் அனுமதியோடு, மஞ்சள் துணியைப் பிரித்து டப்பியைத் திறந்தாள்.

பாட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே, 'பயன்படுத்துமுன் இழுத்து அகற்றவும்' என்று அச்சடித்த பிளாஸ்டிக் தாள், தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது.